சுக்குக்கு மிஞ்சிய மருந்து



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மன்றச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, வகுப்பே திரும்பி கடைசி பெஞ்சைக் கை காட்டியது. "பாட்டி வைத்தியம் அங்க உக்காந்துகினு இருக்கான், அவன்கிட்ட கேளுங்க!" என்று ஒருவன் சொல்ல, ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்தப் பட்டப்பெயர் எனக்கு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். சென்ற ஆண்டு தமிழ் மன்ற விழாவில் 'பாட்டி வைத்தியத்தின் பெருமை' என்ற தலைப்பில் பேசினேன். "இங்கிலீஷ் மாத்திரை நோயை அமுக்கும், நம் மருந்து நோயை வேரோடு பிடுங்கும்!" என்று முழங்கினேன். "சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியும் இல்லை" என்று முடித்தபோது அரங்கமே அதிரக் கை தட்டினீர்கள். திருத்தணி முருகன் இருக்கிற வட்டாரத்தில் அந்தப் பழமொழிக்குக் கைதட்டு கிடைக்காமல் இருக்குமா? முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் தந்தார்கள்.

அந்த டம்ளரில்தான் மறுநாள் காலை என் அப்பாவுக்குக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தோம். அப்போது அவருக்கு இருமல் வந்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

அன்று நான் பேசியது பாதிதான். மீதிப் பாதியை இந்த மலரில் எழுதுகிறேன். கை தட்டிய உங்களுக்கு அதைச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆயா கைநாட்டு. அப்பா ஐந்தாவது. அம்மா எழுத்துக்கூட்டி பஸ் பலகை படிப்பாள். அக்காவை எட்டாவதோடு நிறுத்தி, பிறகு கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். திருத்தணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரக்கோணம் வண்டியைப் பிடித்துத்தான் தினமும் கல்லூரிக்கு வருகிறேன். அப்பா விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு ஓட்டுகிறார். தறி ஓடினால்தான் கூலி. ஒருநாள் தறி நின்றால் அன்றைக்கு வீட்டில் குழம்பு நீர்த்துப் போகும்.

ஆயா பிறந்தது நகரிப் பக்கம். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்த எல்லைக்கோடு எங்கள் வீட்டு அடுப்படிக்குள்ளும் ஓடுகிறது. நாங்கள் சுக்கு என்றால் ஆயா 'சொண்டி' என்பாள். மிளகு அவளுக்கு 'மிரியாலு'. வேலியில் நிற்கிற நொச்சி 'வாவிலி'. ஆடாதொடை 'அட்டசரம்'. பேர் எதுவானாலும் கொதிக்கிற சட்டி ஒன்றுதான். மகனையும் பேரனையும் ஒரே மாதிரி "நைனா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் குரல் கொடுத்தால் நானும் அப்பாவும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்போம்.

சளி பிடித்தால் எங்கள் வீட்டில் நடக்கிற சடங்கு உங்கள் வீட்டிலும் நடப்பதுதான். முதல் நாள் தும்மலுக்கு மிளகு ரசம். மிளகு, சீரகம், பூண்டு, புளி எல்லாம் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டது. இரண்டாம் நாள் மூக்கடைத்தால் நொச்சி இலை வேது. பெரிய தவலையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, ஒரு கை நொச்சியும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, போர்வைக்குள் நம்மைத் தள்ளி மூடிவிடுவாள். "ஊதுடா, நல்லா இழுத்து ஊது" என்று வெளியிலிருந்து அதிகாரம் வேறு! மூன்றாம் நாள் நெஞ்சில் கட்டினால் தூதுவளைத் துவையல். அந்த முள்ளை ஆய்ந்து எடுப்பதற்குள் அம்மாவின் விரல் நுனி சிவந்து போகும். இராத்திரி மஞ்சள் போட்ட பால், அதில் நான்கு மிளகு தட்டிப் போட்டே ஆக வேண்டும். குழந்தைகளுக்குக் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாறு. இதற்கெல்லாம் அடங்காத இருமலுக்கு ஆடாதொடை. ஒரு கைப்பிடி இலையை நாலு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்ட வைப்பாள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு! "ஆடாதொடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்பார்கள். எங்கள் வீட்டில் அதைக் கண்டால் பாடுகிற நாவும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது நான் சின்னப் பையன். அந்த ஏப்ரலில்தான் தமிழக அரசு 'ஆரோக்கியம்' என்ற சிறப்புத் திட்டத்தைத் தொடங்கி, கபசுரக் குடிநீரை வீதிக்கு வீதி கொடுத்தது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதொடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு என்று 15 சரக்குகள் அதில் சேர்கின்றன. அதற்கு முன் 2012-ல் டெங்கு வந்தபோதும் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். "பாத்தியா நைனா, என் சட்டில இருக்கிறதத்தான் கவர்மெண்டே இப்ப காய்ச்சி ஊத்துது" என்று ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆயாவின் கஷாயம்தான் காப்பாற்றியது என்று முடிவு கட்டினோம். கஷாயமே குடிக்காத பக்கத்து வீட்டிலும் ஒன்றும் ஆகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அப்படித்தானே நம் மனசு கணக்குப் போடுகிறது!

மன்ற விழாப் பேச்சுக்காக நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். அப்போது கிடைத்த செய்திகள் எனக்கே வியப்பாக இருந்தன. ஆடாதொடை இலையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துத்தான் 1960-களில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். அதன் தம்பி மாதிரி வந்தது அம்ப்ராக்சால். மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இந்த இரண்டு பெயரில் ஒன்று இருக்கும். அந்த மருந்தின் பூர்வீகம் நம் ஊர் வேலிதான்! மஞ்சள் பாலில் மிளகு சேர்க்கிற பழக்கத்துக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் உடம்பில் பல மடங்கு அதிகமாகச் சேர்கிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-ல் ஆராய்ந்து எழுதினார்கள்.

இதையெல்லாம் மேடையில் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஜலதோஷம் என்பது என்ன என்று அதே புத்தகத்தில் போட்டிருந்ததைச் சொல்லவில்லை. ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றைக் கொல்லும் மருந்து ஆயாவிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே அதை விரட்டிவிடும். "மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்" என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, அது விளையாட்டில்லை, உண்மை. ரசமும் வேதும் அந்த ஒரு வாரத்தைச் சுகமாகக் கழிக்க வைக்கும். தொண்டையை இதமாக்கும், மூக்கைத் திறக்கும், உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும். அதுவே பெரிய உதவிதான். ஆனால் வேரோடு பிடுங்குகிற வேலையை அவை செய்வதில்லை.

அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

ஐப்பசி மழையில் நனைந்து வந்த அன்று தொடங்கியது அந்த இருமல். மழைச்சளி என்றோம். ஒரு வாரம் ரசம், வேது. இரண்டாம் வாரம் தூதுவளை. மூன்றாம் வாரம் ஆடாதொடை. கஷாயம் குடித்த அன்று சளி இளகி வெளியே வரும், நெஞ்சு லேசாகும், அப்பா வேலைக்குப் போவார். "பாத்தியா, கேக்குது" என்பாள் ஆயா. இரண்டு நாளில் திரும்பவும் இருமல். "தறித் தூசு, நைனா. பஞ்சு உள்ள பூந்துட்டா சட்டுனு போவாது" என்பாள். அப்பாவும் அதையேதான் நம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. அதை அவர் வாய் விட்டுச் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்தது. அப்பாவின் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் கண் சிவந்து உடம்பு கணகணவென்று இருக்கும். விடிகாலையில் பனியன் வியர்வையில் நனைந்து கிடக்கும். மார்கழிக் குளிரில் ஏன் இப்படி வியர்க்கிறது என்று அம்மா கேட்டாள். "கஷாயம் வேல செய்யுது, உள்ள இருக்கிற சூடு வெளிய வருது" என்று பதில் சொன்னது ஆயா இல்லை, நண்பர்களே. நான்! முதல் பரிசு வாங்கிய பேச்சாளன்!

அந்தச் சமயத்தில்தான் அக்கா தன் ஏழு மாதக் குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். பேரன் என்றால் அப்பாவுக்கு உயிர். வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். இருமிக்கொண்டே தாலாட்டுவார்.

மார்கழியில் நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடந்தது. ஊர்க் கோயில் மண்டபத்தைப் பெருக்கிக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருவர் வந்து பேசினார். பாதி பேர் தூங்கி வழிந்தோம். அவர் ஒன்றும் அலங்காரமாகப் பேசவில்லை. "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? சாயங்காலம் காய்ச்சல் வருதா? எடை குறையுதா? ராத்திரி வேர்க்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் சளி டெஸ்ட் எடுத்துடுங்க. டெஸ்ட்டும் இலவசம், மருந்தும் இலவசம்" என்று விரல் விட்டு எண்ணினார். அவர் ஒவ்வொரு விரலை மடக்கும்போதும் எனக்கு அப்பாவின் முகம் தெரிந்தது. நான்கு விரலும் மடங்கிவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஆயா அடுப்பருகே இருந்து எழுந்துவிட்டாள்.

"இன்னாடா சொல்ற? என் புள்ளைக்கு சயரோகமா? நாலு எழுத்து படிச்சிட்டா வாயில வந்தத பேசுவியா?"

"ஆயா, டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்னுதான சொல்றேன்."

"உன்ன ஆளாக்கினது இந்தக் கை. உன் அப்பன ஆளாக்கினதும் இந்தக் கை. மேடை ஏறி என் மருந்தப் பத்திப் பேசி டம்ளர் வாங்கினியே, அப்ப அது பொய்யா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா மெதுவாக, "அக்கம்பக்கம் கேட்டா இன்னா நெனைப்பாங்க? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்றாள். அக்கா ஒன்றும் பேசாமல் குழந்தையை அப்பாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அப்பா எடுத்த கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, "நாளைக்குப் போலாம்டா" என்றார்.

மறுநாள் ஒருநாள் கூலி போயிற்று. அரசு மருத்துவமனையில் சளியைச் சின்ன டப்பாக்களில் வாங்கிக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் என்று உறுதியாயிற்று.

அன்று ஆயா அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை. "கொழந்தைய மடில வெச்சுக்கினு இருந்தானே... நான்தான இன்னும் ஒருவாரம் பாக்கலாம், இன்னும் ஒருவாரம் பாக்கலாம்னு சொன்னேன்" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. நான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து எழுதிக்கொண்டு, வேண்டாததைத் தாண்டிப் போனவன்.

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எனக்கு இது ஒர்க்‌ஷாப் பாஷையில்தான் புரிந்தது. பேரிங் சத்தம் போட்டால் கிரீஸ் வைக்கிறோம். சத்தம் அடங்குகிறது. பேரிங்கிலேயே விரிசல் என்றால்? கிரீஸ் வைக்க வைக்கச் சத்தம் அடங்கும், விரிசல் வளரும். கடைசியில் ஷாஃப்ட்டும் சேர்ந்து போகும். ஆடாதொடை அப்பாவின் சளியை உண்மையாகவே இளக்கியது. அதனால்தான் எல்லோரும் ஏமாந்தோம். குறைந்தது இருமல்தான், நோய் இல்லை.

செய்தி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. "தாம்பரம் சானடோரியத்துல கொண்டுபோய்ச் சேத்துடுங்க, வீட்ல வெச்சிருந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும்" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியை டாக்டர் சௌரிமுத்து என்பவர் 1928-ல் காசநோய்க்காகவே தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பேர் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது. இங்கிலீஷ் மருந்தும் சித்த மருந்தும் ஒரே ஸ்டேஷனில் இறங்கிப் போகிற இடத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் மட்டும் அவை சண்டை போட்டுக்கொண்டிருந்தன!

ஆனால் சுகாதாரப் பணியாளர் அக்கா, "அங்கெல்லாம் சேக்க வேணாம், வீட்லயே வெச்சுப் பாருங்க" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. உண்மைதானா என்று தேடிப் படித்தேன். இந்த முறை ஒரு வரியையும் தாண்டவில்லை.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு என்பதுதான் உலக வழக்கம். சென்னையில் அவர்கள் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் குடிசையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் அவர்கள் இருந்த இடத்திலேயே மாத்திரை கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவிவிடவில்லை. இதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் வழக்கம் வந்தது.

படித்ததும் மெய்சிலிர்த்தது. 'வீட்டு வைத்தியம்' என்று நான் மேடையில் முழங்கினேனே, உலகத்துக்கே வழிகாட்டிய வீட்டு வைத்தியம் நம் சென்னையில் நடந்திருக்கிறது! அதில் மருந்து மாத்திரைதான், மருத்துவமனை மட்டும் வீடு.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. ஒருநாளும் விடக்கூடாது. கொஞ்சம் தேறியதும் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறிவிடும் என்று எச்சரித்தார்கள். முதல் நாள் மாத்திரை போட்டதும் அப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போயிற்று. இரத்தம் என்று நினைத்து வீடே கலங்கிவிட்டது. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வீட்டில் இருந்த எல்லோரையும் பரிசோதித்தார்கள். குழந்தையைக் கொண்டுபோன அன்று அக்கா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லவேளை, அவனுக்கு நோய் இல்லை. ஆனாலும் வராமல் இருக்க ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். காசநோய் இருப்பவரோடு ஒரே வீட்டில் இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது அவசியம். "அஞ்சாறு மாசம் மாத்திரை சாப்பிட்டே வளர்றான் என் புள்ள" என்று அக்கா இன்றும் சொல்வாள். அதைக் கேட்டால் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆயா மாறிய கதைதான் இதில் பெரிய கதை. மூன்று நாள் அடுப்புப் பக்கமே வராமல் இருந்தாள். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "எந்த மாத்திர எப்ப குடுக்கணும், சொல்லுடா" என்றாள். அன்றிலிருந்து மாத்திரை அட்டை அவள் சுருக்குப்பையில். எழுதத் தெரியாததால், மாத்திரை கொடுத்த ஒவ்வொரு நாளும் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து ஒரு கம்பியில் குத்தி வைத்தாள். ஆறு மாதத்தில் ஒரு தாள் குறையவில்லை. அப்பாவுக்குத் தட்டு தனியாக வைக்கலாமா என்று கேட்டாள். தட்டு, டம்ளர், துணியால் இது பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், வாயை மூடி இருமச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் அந்த அக்கா. பனிக்காலத்தில் ஜன்னலுக்குத் துணி அடைக்கிற ஆயா, தானே அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

மாத்திரை போட்டால் அப்பாவுக்குக் குமட்டும், சோறு இறங்காது. அப்போதுதான் ஆயாவின் சட்டி திரும்பவும் அடுப்பில் ஏறியது. மிளகு ரசம் ஊற்றிக் குழைத்த சோறு. ஒரு வாய் இறங்கினால் அடுத்தது இறங்கும். முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். காசநோயாளியின் சாப்பாட்டுக்காக அரசு மாதம் ஒரு தொகை வங்கிக் கணக்கில் போடுகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அந்தப் பணத்தை ஆயா முட்டைக்கு மட்டுமே செலவு செய்ய விட்டாள். அவள் செய்தது சரி என்பதற்கும் சான்று கிடைத்தது. ஜார்க்கண்டில் காசநோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மாத்திரை செய்ய வேண்டியதை ரசம் செய்யாது. ஆனால் மாத்திரை இருக்கிறதென்று சோற்றை மறந்துவிடவும் கூடாது.

நண்பர்களே, நான் பட்டபிறகு தெரிந்துகொண்ட சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பலர் என்னைப் போல வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். உங்கள் வீட்டிலும் "நீதான் படிச்சவன், நீயே சொல்லு" என்று உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஜலதோஷத்துக்கு ரசம் குடியுங்கள், வேது பிடியுங்கள், சுக்குக் காபி போடுங்கள். தவறே இல்லை. கொதிக்கிற தவலைப் பக்கம் சிறுபிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் என்று தேன் தொட்டு நாக்கில் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சை அந்தக் குடல் தாங்காது. பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தேன் நல்லதே. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கற்பூரத்தைக் குழைத்துக் குழந்தையின் மூக்கடியில் தடவாதீர்கள், உள்ளே போனால் வலிப்பே வரலாம். சாம்பிராணிப் புகையில் பச்சைப் பிள்ளையைக் காட்டாதீர்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் கஷாயச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இருமலுக்கு இரண்டு வாரம்தான் கெடு. ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ-கோ' கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அதுமாதிரி. கேஜில் தேறாத ஜாபை "கொஞ்சம் பார்த்து விடுங்க சார்" என்று கெஞ்சுகிறோமா? இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. அதில் விவாதமே கூடாது. உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டுக்காரர். நம் வீட்டுக்கு வராது என்று சொல்ல நாம் யார்?

ஆனியில் அப்பாவுக்கு மருந்து முடிந்தது. கடைசியாக எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. தறிக்குத் திரும்பிவிட்டார். இப்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்.

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணியில் கூட்டம் சொல்லவா வேண்டும்! மலையெங்கும் பூக்காவடி, "அரோகரா" முழக்கம். மகன் எழுந்து நடந்தால் 365 படியும் ஏறி வரவைப்பதாக ஆயா வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி, கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அப்பாவும் ஏறினோம். நூறாவது படியில் ஒருமுறை, இருநூறைத் தாண்டி ஒருமுறை அப்பா உட்கார்ந்தார். நான் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியது. இருமல் வரவில்லை.

இறங்கி வந்ததும் ஆயா சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு சுக்குத் துண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "வாயில அடக்கிக்க நைனா, களைப்புக்கு நல்லது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் பயந்த மாதிரி, "இது குடுக்கலாம் இல்ல?" என்று கேட்டாள்.

என்னிடம் அனுமதி கேட்கிற ஆயாவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "தாராளமா குடு ஆயா" என்றேன். எனக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அப்பா அதில் தண்ணீர் குடிக்கிறார். என் பேச்சுக்குத் தந்த பரிசைத் திருப்பித் தர வேண்டுமென்று மன்றம் கருதினால், இன்னொரு டம்ளர் வாங்கித் தருகிறேன். இதைத் தர மனசில்லை.



மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை